சித்தி கேட்ட சின்ன உதவி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பத்து மணிக்கு முன்னாடி எந்திரிக்கறதில்லைன்னு கொள்கை முடிவு எடுத்துப் படுத்திருந்தவனை ஒன்பது மணிக்கே போன் எழுப்பியது. மதுரையிலிருந்து சித்தி.

"என்னய்யா, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல சித்தி."

"உடம்பப் பாத்துக்கய்யா. அங்க மழையா?"

சித்தி இப்படி வரிசையாக நலம் விசாரித்தால் அடுத்து ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம். வந்தது.

"உன் தங்கச்சிக்கு ஒரு எடம் வந்திருக்கு. பையன் பேங்குல இருக்காரு. எல்லாம் விசாரிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தாராம். எதுக்குன்னு யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. உன் கம்பெனிதானய்யா அந்த ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டரெல்லாம் பாக்குது? சும்மா உள்ள போயி ஒரு பார்வை பாத்துச் சொல்லு. வேற யாருக்கும் தெரியவேணாம்."

சித்தி சொன்னது உண்மைதான். ஆஸ்பத்திரிகளுக்கான சாப்ட்வேர் எழுதுகிற கம்பெனியில்தான் குப்பை கொட்டுகிறேன். பில் பிரிண்ட் ஆகவில்லை, லேப் ரிசல்ட் வரவில்லை என்று டிக்கெட் வந்தால் நேரடியாக அவர்கள் டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்ப்போம். பெயர், வயசு, போன் நம்பர், என்ன டெஸ்ட், என்ன ரிசல்ட், எந்த டாக்டர் என்ன எழுதினார் எல்லாம் வரிசையாக இருக்கும். போன் நம்பர் கையில் இருந்தால் அரை நிமிஷ வேலை.

"பாக்குறேன் சித்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த "பாக்குறேன்" இருக்கே, தமிழில் இதைவிட வசதியான வார்த்தை கிடையாது. சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், முடியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். என் கெட்ட நேரம், இந்த விஷயத்தில் அதற்கு மூணாவதாக நிஜமாகவே "பார்க்கிறேன்" என்றும் ஒரு அர்த்தம் இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் குவெரியைப் பாதி அடித்தும்விட்டேன். சித்தி வாட்ஸப்பில் அனுப்பிய பத்து இலக்க நம்பரைக் கூட ஒட்டியாச்சு. எண்டர் மட்டும் தட்டவில்லை.

நான் பெரிய அரிச்சந்திரன் என்பதால் இல்லை. என் முதல் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே ஒரு நைட் ஷிப்டில் கூட வேலை பார்த்த ஒருத்தன், "டேய் இங்க வாங்கடா" என்று கூப்பிட்டான். திரையில் ஒரு டிவி நடிகையின் ரெக்கார்ட். அஞ்சு பேர் கூடி நின்று படித்தோம். டீக்கடை வரைக்கும் அதை வைத்து ஜோக் அடித்தோம். அந்த அஞ்சு பேரில் நானும் ஒருத்தன், நானும் சிரித்தேன். அவர் எதற்காக வந்திருந்தார் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். குவெரியை மூடிவிட்டு, நம்ம நாட்டில் நோயாளியின் ரகசியத்துக்கு சட்டம் எவ்வளவு தூரம் காவல் நிற்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை, இஞ்சினியர். ஆனால் இது "யாருக்கு, எதைப் பார்க்க, எப்போது அனுமதி" என்கிற கேள்விதான். தினமும் ஆபீஸில் இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்பதால் ஓரளவு பிடிபட்டது.

டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002-ல் வந்தவை. 2023-ல் புதுசாக ஒரு தொகுப்பு கொண்டுவந்து, அதே மாசத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு, பழையதற்கே திரும்பிவிட்டார்கள். நோயாளியிடமிருந்து தெரிந்துகொண்ட ரகசியத்தை டாக்டர் வெளியே விடக்கூடாது என்பது அதில் பொது விதி. மூணே மூணு விதிவிலக்குதான். ஒன்று, கோர்ட்டில் நீதிபதி உத்தரவிட்டால். இரண்டு, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ சமூகத்துக்கோ தீவிரமான, அடையாளம் காணக்கூடிய ஆபத்து இருந்தால். மூன்று, அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாக இருந்தால். (காசநோய் 2012-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.)

முதல் விதிவிலக்கைப் பற்றி ஒரு தகவல். கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வெளியே சொல்லாமல் இருக்க வக்கீலுக்கு சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. டாக்டருக்கு அது கிடையாது. 2024 ஜூலையில் புது சாட்சியச் சட்டம் அமலுக்கு வந்த பிறகும் கிடையாது. நீதிபதி சொல்லச் சொன்னால் டாக்டர் சொல்லித்தான் ஆகணும். எனக்கே இது புதுசு.

இரண்டாவது விதிவிலக்குதான் சித்தி பிடித்துக்கொள்ளக்கூடியது. "என் பொண்ணுக்கு ஆபத்துன்னா?" நியாயமான கேள்விதான். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கேள்வி. அதுவும் நம்ம சென்னையில் நடந்த கதையை வைத்து.

1995 ஜூன். வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு டாக்டர், ஆபரேஷனுக்காக வந்த உறவினருக்குத் துணையாக மெட்ராஸ் வருகிறார். ஆஸ்பத்திரியில் ரத்தம் பத்தவில்லை. இவரிடம் ரத்தம் கேட்கிறார்கள், கொடுக்க முன்வருகிறார், சாம்பிள் எடுக்கிறார்கள். அதே வருஷம் டிசம்பரில் கல்யாணம் என்று நிச்சயம் ஆகிறது. அது நின்றுபோகிறது. காரணம், அந்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அவர் சம்மதமில்லாமல் விஷயம் ஆஸ்பத்திரி வழியாக வெளியே போய்விட்டது. சொந்த ஊரில் ஆளாளுக்குப் பேச, இருக்க முடியாமல் ஊரை விட்டு சென்னைக்கே வந்து குடியேறுகிறார்.

ஆஸ்பத்திரி மீது வழக்குப் போட்டார். 1998-ல் சுப்ரீம் கோர்ட் ஆஸ்பத்திரி பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. ரகசியம் காக்கும் கடமை முழுமையானது அல்ல, அந்தப் பெண்ணின் உயிரும் ஆரோக்கியமும் அதைவிடப் பெரிசு என்றது. அதோடு நிற்காமல், இந்த நோய் இருப்பவர்களின் கல்யாண உரிமையே நிறுத்தி வைக்கப்பட்ட உரிமை என்றும் சொல்லிவிட்டது. அந்தக் கல்யாண விஷயமெல்லாம் அந்த வழக்குக்குத் தேவையே இல்லாத கருத்து என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டே சரி செய்தது. ஆனால் நின்றுபோன கல்யாணமும் விட்டுவந்த ஊரும் திரும்பி வராது இல்லையா.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டால், ஆமாம், தெரிந்திருக்கத்தான் வேண்டும் என்றுதான் சொல்வேன். என் தங்கச்சியாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். என் சண்டை, எப்படித் தெரிந்தது என்பதில்தான். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, "நீங்களே சொல்லுங்க, இல்லைன்னா நாங்க சொல்லவேண்டி வரும்" என்று ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2017-ல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. துணையிடம் சொல்ல டாக்டருக்கோ கவுன்சிலருக்கோ மட்டும்தான் அனுமதி. அதுவும் துணைக்கு நிஜமான ஆபத்து இருக்கவேண்டும், அவரையே சொல்லச் சொல்லி ஆலோசனை கொடுத்திருக்கவேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாகவேண்டும், "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். இத்தனையும் தாண்டித்தான் சொல்லலாம், அதையும் நேரில்தான் சொல்லணும். பெண்களின் விஷயத்தில், சொன்னால் அடி உதையோ வீட்டை விட்டுத் துரத்துவதோ நடக்கும் என்று பயம் இருந்தால் சொல்லக்கூடாது என்றும் இருக்கிறது.

கவனிச்சீங்களா? பட்டியலில் மாமியார் இல்லை. சித்தப்பா இல்லை. கல்யாண புரோக்கர் இல்லை. சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற அண்ணன் சத்தியமாக இல்லை.

நிற்க. ரகசியம் ரகசியம் என்று நான் ஒரே பக்கமாக ஜல்லியடிப்பதாக நினைத்தால், இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன். 1969, கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. இந்தியாவிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், டாட்டியானா டாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தனக்கு ஆலோசனை கொடுத்த உளவியலாளரிடம் சொல்கிறார். அவர் வளாகப் போலீசுக்குச் சொல்ல, அவர்கள் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை. அக்டோபரில் கொலை நடந்துவிட்டது. பெற்றோர் போட்ட வழக்கில் 1976-ல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம், பிறர் உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் ரகசியத்தின் எல்லை முடிந்துவிடுகிறது, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுப்பது சிகிச்சை தருபவரின் கடமை என்று சொல்லிவிட்டது. நம்ம 2017 மனநல பராமரிப்புச் சட்டத்திலும் இதே மாதிரி விதிவிலக்கு உண்டு. ஆனால் அங்கேயும் ஒரு கடிவாளம். ஆபத்தைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டும்தான் சொல்லலாம், முழு பைலையும் தூக்கிக் கொடுக்க முடியாது.

ஆக, வாயை மூடிக்கொண்டே இருப்பதும் தப்பாகலாம். சொல்ல ஒரு கதவு வேண்டும்தான். அந்தக் கதவு எவ்வளவு அகலம், சாவி யாரிடம் என்பதுதான் பிரச்சினை.

கதவு அகலமாகிவிட்டால் என்ன ஆகும் என்று நாம எல்லாரும் 2020-ல் நேரிலேயே பார்த்தோம். சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தகரம் வைத்து அடைத்தார்கள். சுகாதாரத் துறைக்குத் தெரியவேண்டியதுதான், அது மூன்றாவது விதிவிலக்கு. ஆனால் துறைக்குச் சொல்வது வேறு, தெருவுக்குச் சொல்வது வேறு. அப்போது நான் இருந்த வீட்டில் கீழ் போர்ஷன் அங்கிளுக்குக் காய்ச்சல். ஒரே கடையில் மாத்திரை வாங்கினால் சந்தேகம் வரும் என்று மூன்று கடையில் பிரித்து பிரித்து வாங்கினார். டெஸ்ட் எடுக்கவே போகவில்லை. தகரத்துக்குப் பயம். தெருவைக் காப்பாற்ற அடித்த தகரம், காய்ச்சல்காரரை ஒளிய வைத்து அதே தெருவில் நடமாட வைத்தது. முறையான அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இப்படி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்குள் முதல் அலையே ஓய்ந்துவிட்டிருந்தது.

இன்னொரு உதாரணம், கொஞ்சம் சிக்கலானது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்ஸோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் தண்டனை, டாக்டருக்கும்தான். நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் தன் வயசுப் பையனைக் காதலித்துக் கர்ப்பமான பதினேழு வயசுப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இதே விதிதான். போலீஸ் கேஸ் ஆகுமென்று தெரிந்தால் அந்தப் பெண் எங்கே போவாள்? டாக்டரைத் தவிர எங்கே வேண்டுமானாலும். இதைப் புரிந்துகொண்டுதான் 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்புக்காக வரும் மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயர், அடையாளத்தை டாக்டர் சொல்லவேண்டியதில்லை என்றது.

எனக்குப் புரிந்தது இதுதான். நோயாளியின் ரகசியம் என்பது நோயாளிக்கு நாம் காட்டும் மரியாதை மட்டும் இல்லை. அது இருப்பதால்தான் ஜனங்க டாக்டரிடம் உண்மையைச் சொல்கிறார்கள். ஒருமுறை அது போய்விட்டால் அடுத்தவர் பொய் சொல்வார், இல்லை வரவே மாட்டார். அப்புறம் எந்த சித்தி எந்த ரெக்கார்டைத் திறந்து பார்த்தாலும் அதில் உண்மை இருக்காது.

சட்டம் இவ்வளவு யோசித்துக் கதவும் பூட்டும் செய்து வைத்திருக்கிறது. நம்ம ஊரில் ரகசியம் அந்தக் கதவு வழியாகவா போகிறது? ஜன்னல் வழியாக இல்ல போகுது! ரிசப்ஷனில் "யாருக்கு சுகர் டெஸ்ட், யாருக்கு பிரக்னன்சி டெஸ்ட்?" என்று ஹால் முழுக்கக் கேட்கிறமாதிரி கூப்பிடுவார்கள். லேபில் ரிப்போர்ட்டை மேசை மேல் பரத்தி வைத்து "உங்களது எதுன்னு பாத்து எடுத்துக்குங்க" என்பார்கள். டாக்டர் அறையிலேயே அடுத்த நோயாளி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கடைசியாக, யாருக்குமே தெரியாத ஜன்னல் ஒன்று இருக்கிறது. நாங்கள். டேட்டாபேஸ் சாவி வைத்திருக்கிற இருபத்தெட்டு வயசுப் பசங்க.

இது இந்தியாவுக்கு மட்டுமான வியாதியும் இல்லை. அமெரிக்க நடிகை ஃபாரா ஃபாஸெட்டுக்குப் புற்றுநோய். சிகிச்சை விவரமெல்லாம் பத்திரிகையில் வந்துகொண்டே இருந்தது. 2007-ல் நோய் திரும்பி வந்தபோது வேண்டுமென்றே நெருங்கியவர்களிடம்கூட சொல்லாமல் இருந்து பார்த்தார். அப்படியும் சில நாளில் பத்திரிகையில் வந்துவிட்டது. அப்போ ஆஸ்பத்திரிக்குள்ளிருந்துதான் போகிறது என்பது உறுதியாயிற்று. ரெக்கார்டைத் திறந்து பார்த்து விற்ற ஊழியர் பிடிபட்டார். பிரபலங்களின் ரெக்கார்டுகளை ஊழியர்கள் எட்டிப் பார்த்த புகார்களுக்காக அந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்பத்திரி நிர்வாகம் 2011-ல் 8,65,500 டாலர் கட்டியது. யார் எப்போது திறந்தார்கள் என்ற லாக் இருந்ததால் பிடிக்க முடிந்தது.

நம்ம சட்டத்திலும் எங்களை மாதிரி ஆட்கள் முழுசாகத் தப்பிக்க முடியாது. 2011 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே மருத்துவக் குறிப்புகளைத் தனி கவனத்தோடு கையாளவேண்டிய தகவல் என்று சேர்த்துவிட்டார்கள். ஒப்பந்த வேலைக்காகக் கையில் கிடைத்த தகவலைக் கெடுதல் செய்யவோ ஆதாயத்துக்கோ வெளியே விட்டால் 3 வருஷம் வரை உள்ளே போகலாம். ஆனால் சும்மா திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு மூடினால்? நாங்கள் அஞ்சு பேரும் அன்றைக்கு அதைத்தான் செய்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் யார் பார்த்தார்கள் என்று அந்த சாப்ட்வேர் எழுதியே வைக்கவில்லை.

அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு ரெக்கார்டையும் யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்று பதியவேண்டும். அந்தப் பட்டியலை நோயாளி கேட்டால் காட்டவேண்டும். பில் பிரச்சினையைச் சரிசெய்ய வருகிறவனுக்கு பில் நம்பர் தெரிந்தால் போதும், எச்.ஐ.வி. ரிசல்ட் எதற்கு? எமர்ஜென்சியில் டாக்டருக்கு எல்லாம் உடனே திறக்கட்டும், ஆனால் திறந்ததற்குக் காரணம் எழுதட்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ரெண்டு ஸ்பிரிண்ட் வேலை. கஸ்டமர் கேட்பதில்லை, அதனால் நாங்களும் செய்வதில்லை.

மறுபடி சித்தி. புதன்கிழமை போன் பண்ணி, முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீ பதில் சொல்வியாய்யா?" என்றார். நேர்மையாகச் சொல்கிறேன், இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. பார்த்திருந்தால் ஏதாவது இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். டெங்குவாகவோ அப்பெண்டிக்ஸாகவோ இருந்து, அரைகுறையாகப் படித்து நான் வேறு ஏதாவது நினைத்து, ஒரு நல்ல மனுஷன் பேரைக் கெடுத்திருக்கலாம். நான் டாக்டரும் இல்லையே.

"அவருகிட்டயே கேளுங்க சித்தி. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து டெஸ்ட் எடுத்துக்கட்டும். நம்ம புள்ளையோடதும் அவங்களுக்குத் தெரியட்டும்."

"பொண்ணு வீட்டுல போயி அப்படிக் கேப்பாங்களா? எடம் நிக்குமா?"

"கேட்டதுக்கே போற எடம் போகட்டும் சித்தி."

டொக். வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டாள். சித்தி மூலமாக விஷயம் தெரிந்து அவளே அந்தப் பையனுக்குப் போன் போட்டு நேரடியாகக் கேட்டுவிட்டாளாம். ரெண்டு மணி நேரம் பேசினார்களாம்.

"எதுக்காம்?" என்றேன். ஆர்வம் யாரை விட்டது.

"எங்கிட்ட சொன்னாருண்ணே. உங்கிட்டச் சொல்லச் சொல்லல."

சுருக்கென்று இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டது அவளுக்குப் படிக்காமலே தெரிந்திருக்கிறது. கல்யாணம் கூடி வருமா தெரியாது. சித்தி இன்னும் என்னோடு பேசவில்லை.

டிஸ்கி: ஊர், உறவு, வேலை, வியாதி, வருஷம் என்று நம்ம வீட்டுக் கதையில் அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். "இது யாருன்னு எனக்குத் தெரியும்"னு யாராவது கிளம்பி வந்தால், சாமி, நான் சொன்னது எதுவுமே உங்களுக்குப் புரியலைன்னு அர்த்தம்.